கழுவக் கழுவ நாறும் கூடு

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே கிழித்துப் போடுவீர்கள் என்று இவர் சொன்னார். அதனால்தான் முகவரியைச் சிட்டுவை விட்டு எழுதவைத்தேன். அவள் எழுத்தைக் கிழிக்க உங்களுக்கு மனம் வராது. தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வருஷமாக என் ஃபோன் எண்ணைத் தடுத்து வைத்திருப்பவரிடம் வேறு எப்படிப் பேசுவது?

பழைய கதையைக் கிளற இதை எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கவும் எழுதவில்லை. ஓர் உதவி வேண்டும்.

இவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது தன் பதினான்கு கோழிகளையும் இவர் தலையில் கட்டிவிட்டார். கொல்லையில் பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. பத்தடிக்கு எட்டடி, சிமெண்டுத் தரை. அதைக் கூடாக்கி, முன்னால் கம்பி வலை அடித்து மண் தரையில் ஓர் அடைப்பும் போட்டுவிட்டார். கோழி வாங்கும்போது இருந்த உற்சாகம் எச்சம் அள்ளும்போது இல்லை. விடியுமுன் வேலைக்குப் போகிறவர், இருட்டிய பிறகுதான் வருகிறார். எனக்கோ நவம்பரில் முதுகு வட்டு விலகிவிட்டது. குனியவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இப்போது கூடு நாறுகிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். என்னைப் பார்த்தாலே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைக்கிறார். விற்றுவிடலாம் என்றால் சிட்டு விடமாட்டாள். பதினான்குக்கும் பெயர் வைத்திருக்கிறாள். வாயாடி, மேஸ்திரி, கொண்டைக்காரி என்று.

கோழி விஷயத்தில் உங்களை விட்டால் எனக்குத் தெரிந்து ஆள் கிடையாது. பன்னிரண்டாயிரம் கோழி இருந்த பண்ணையில் வந்தவர்கள் மூக்கைப் பொத்தாமல் நடந்தார்கள் என்றால் அது உங்கள் கைராசி. நானும் அங்கே ஏழு வருஷம் இருந்தேன் என்று பேர். ஆபீஸ் அறையை விட்டு ஒருநாள்கூட ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை.

அதிகம் பாடுபடாமல், குனியாமல், கூட்டையும் அடைப்பையும் சுத்தமாக வைத்துக்கொள்ள வழி சொல்லுங்கள். சொல்ல மனமில்லை என்றால் அதையாவது ஒரு வரி எழுதுங்கள்.

இளையவள்


பிப்ரவரி 11

இளையவளுக்கு,

பிரித்தேன். சிட்டுவின் 'ழ' இன்னும் வாலை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் நிற்கிறது. பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்வது உனக்குப் புதிதா என்ன?

என்னைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பண்ணையை விட்டு அனுப்பிய பிறகு ஒரு வருஷம் வேலை தேடி நான் ஏறாத படி இல்லை. எங்கே போனாலும் எனக்கு முன்னால் என் பேர் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. 'நோயை உள்ளே கொண்டு வந்தாங்களே, அந்தம்மாவா?' என்பார்கள். இப்போது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிறேன். யார் யாரோ படுத்து எழுந்தவை, ஒரு நாளைக்கு நூற்று நாற்பது. நீ பரிதாபப்பட இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

சரி, கோழிக்கு வருவோம். அதுகள் என்ன பாவம் செய்தன.

சுத்தம் என்றால் தண்ணீர். அதைவிடச் சுலபமான வழி கிடையாது. தினமும் காலையில் குழாயைப் பிடித்து சிமெண்டுத் தரையைப் பளிச்சென்று அலசிவிடு. உமி, மரச்சீவல், சருகு என்று தரையில் எதையும் பரப்பாதே, அது குப்பையின் மேல் குப்பை. அடைப்பின் மண்ணிலும் நன்றாகத் தண்ணீர் அடி, எச்சம் கரைந்து உள்ளே இறங்கிவிடும். வாடை மாஸ்டர் மூக்குக்குப் போகிறது என்றால் மேலே இருக்கும் காற்று வழிகளைச் சாக்கு வைத்து அடைத்துவிடு. கோழிகள் தூங்க ஏறும் கழியைத் தாழ்வாகக் கட்டு. தண்ணீர்ச் சட்டி கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், எட்டிப் போய்க் குடிக்க அவற்றுக்குச் சிரமம்.

நீ குனிய வேண்டாம். குழாயைக் கொழுந்தனார் கையில் கொடு. அண்ணன் வீட்டுப் பக்கம் ஐந்து வருஷமாக எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு விடியுமுன் ஒரு வேலை இருக்கட்டும்.

மூத்தவள்


மார்ச் 2

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்க் கொல்லையில் நின்றார். 'அண்ணி பதில் போட்டுட்டாங்களா' என்று மட்டும் கேட்டார். கடைசி வரியை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை.

விரிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் ஆனது. இப்போதும் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்கிறோம். முதல் நான்கைந்து நாள் தரை கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம்தான் கோளாறு. தரை காய்வதே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் வெங்காயம் பிழிந்த மாதிரி எரிகிறது. இரண்டு கோழிகள் ஒரு கண்ணை மூடிக்கொண்டே திரிகின்றன. தாழ்வான கழியை மதிக்காமல் எல்லாம் முட்டைப் பெட்டியில் ஏறிப் படுத்துக்கொள்வதால் முட்டையெல்லாம் எச்சம். அடைப்பு முழுக்கச் சேறு. நேற்று என் செருப்பு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது, எடுக்கக் குனிய முடியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தேன்.

டிரில் மாஸ்டர் கைக்குட்டையை விட்டுவிட்டு வாயைத் திறந்துவிட்டார். மதில் மேல் தலையை நீட்டி, "ஏம்மா, முன்னாடி கோழி வாடை வந்துச்சு, பொறுத்துக்கிட்டேன். இப்ப என்ன வாடைன்னே தெரியலையே, கோழிய வெச்சு என்னதான் பண்றீங்க?" என்றார்.

"தினமும் கழுவுறோம் சார்."

"கழுவுறதால வர நாத்தமா இது?"

மறுநாளே நகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட்டார். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து, ஒரு மாதத்தில் சரிசெய்யாவிட்டால் கோழிகளை எடுத்துப் போய்விடுவோம் என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சிட்டு அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். அன்றிலிருந்து முகமே சரியில்லை.

நாங்கள் ஏதோ தப்பாகச் செய்கிறோம் போலிருக்கிறது. கழுவக் கழுவ நாற்றம் கூடுகிறது. எங்கே பிசகு என்று எழுதுங்கள்.

இளையவள்


மார்ச் 9

இளையவளுக்கு,

கண் எரிகிறதா? எரியட்டும், நாளாக ஆகப் பழகிவிடும். எனக்கு எல்லாம் பழகவில்லையா?

பிசகு ஒன்றும் இல்லை, போதாமைதான். கழுவி முடித்ததும் ஈரத் தரையில் இரண்டு கை ப்ளீச்சிங் பவுடரைத் தூவு. தூவிவிட்டுக் கதவைச் சாத்து. காற்றுப் போகிற இடுக்கு எதுவும் மிச்சம் இருந்தால் அதையும் அடை. வாடை அதோடு போய்விடும். நகராட்சிக்காரன் சொன்ன கெடு வருவதற்குள் உனக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும்.

பழைய கதையைக் கிளற மாட்டேன் என்றாய். உனக்கு அது பழையது. எனக்கு ஒவ்வொரு விரிப்பை மடிக்கும்போதும் அது புதிதாகப் பிரிகிறது. ஆகவே நான் கிளறுகிறேன், நீ கேள்.

அன்று விடிகாலை சிட்டுவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. ஆறு வயசுப் பிள்ளை கட்டை மாதிரி விறைத்துக் கிடக்கிறாள். உன் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. என் வீட்டுக்காரர் இரவுப் பணியில். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய், கால் எழவில்லை உனக்கு. நான்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, குறுக்கு வழி என்று யார் யார் கொல்லையிலோ, கோழியும் ஆடும் கிடக்கிற தொழுவத்திலோ புகுந்து ஓடினேன். ஆஸ்பத்திரியில் அவள் கண்ணைத் திறந்து 'பெரியம்மா' என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பின்னால் வந்து சேர்ந்த உன்னை அவளோடு விட்டுவிட்டு அங்கிருந்து நேராகப் பண்ணைக்கு ஓடினேன். பன்னிரண்டாயிரம் வயிறு காத்திருந்தது. ஷெட் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கால் நனைக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்த விதியை எழுதி ஒட்டியவளே நான். அன்று பதற்றத்தில் அதே செருப்போடு தாண்டிப் போய்விட்டேன். சாயங்காலம் உன்னிடம்தான் சொன்னேன். "பாரேன், இன்னிக்குக் கால்கூட நனைக்காம போயிட்டேன்" என்று. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உன் உடன்பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றாய்.

பத்து நாளில் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட ஆரம்பித்தன. எல்லாவற்றையும் குழி வெட்டி மூடினார்கள். விசாரணைக்கு மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன் என்று தெரியாமல் நீ சொன்னாயே, இன்றைக்கும் காதில் நிற்கிறது: "அவங்க அன்னிக்குக் கால் நனைக்கல சார். வெளிச் செருப்போட உள்ள போனாங்க. அவங்களே சொன்னாங்க."

அவ்வளவுதான். யாருக்காக ஓடினேன் என்று நீ சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நோய் என் செருப்பில் வந்ததா, காக்காயின் காலில் வந்ததா, கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் உன் வாயிலிருந்து வந்தது எனக்குத் தெரியும்.

பவுடரை மறக்காமல் தூவு.

மூத்தவள்


மார்ச் 24

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் கோணலாக இருக்கும்.

சிட்டு உள்ளே இருக்கிறாள். நேற்று முன்தினம் காலை கூட்டைக் கழுவிப் பவுடரைத் தூவிக் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்தபடியே சாத்தியிருக்கிறாள். வாயாடிக்கு உடம்பு சரியில்லை என்று அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருமல் சத்தம் கேட்டு நான் போய்த் திறக்கும்போது முகம் நீலமாக இருந்தது. நெஞ்சுக்குள்ளே எல்லாம் வெந்த மாதிரி வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

கழுவுவது யார் என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. எனக்கு முதுகு, இவருக்கு வேலை. ஆரம்பத்திலிருந்து அவள்தான். பெரியம்மா சொன்ன முறை என்று அவ்வளவு பெருமை. உங்கள் கடிதத்தில் கோழி பற்றிய பகுதியை மட்டும் நான் படிக்கத் தனித் தாளில் எழுதிக் கூட்டுக் கதவில் ஒட்டியிருந்தாள்.

நான்கு கோழிகள் செத்துவிட்டன. அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

இளையவள்


மார்ச் 26

இளையவளுக்கு,

தபாலில் போட்டால் இரண்டு நாள் ஆகும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உன் எண்ணை இன்று காலை திறந்துவிட்டேன். ஏழு முறை அடித்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததும் சரிதான்.

முதலில் இதைச் செய், பிறகு மீதியைப் படி. ப்ளீச்சிங் பவுடர் டப்பாவை வீட்டை விட்டே வெளியேற்று. கோழி எச்சம் ஈரத்தில் ஊறினால் அதிலிருந்து ஒரு ஆவி கிளம்பும், உன் கண்ணை எரித்ததே, அது. அதன்மேல் இந்தப் பவுடர் பட்டால் மூச்சுக்குழலை அரிக்கிற வாயு வரும். இதை டாக்டரிடம் சொல், பவுடரும் கோழி எச்சமும் என்று சொல், வைத்தியத்துக்கு உதவும். கூட்டின் கதவைத் திறந்துபோடு, சாக்கையெல்லாம் பிடுங்கு. சிட்டுவை அந்தப் பக்கம் விடாதே.

இது எனக்குத் தெரியும். பண்ணையில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது. தெரிந்துதான் உனக்கு எழுதினேன்.

முதல் கடிதமும் அப்படியே. ஒவ்வொரு வரியையும் நான் அறிந்ததற்கு நேர்மாறாகத் திருப்பித் திருப்பி எழுதினேன். உன் வீடு நாற வேண்டும், தெரு உன்னைப் பார்த்து மூக்கைப் பொத்த வேண்டும், என்னை ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்ட மாதிரி உன்னையும் ஒருவன் கூப்பிட்டுத் தாளை நீட்ட வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கடிதத்தைப் பெட்டியில் போட்ட அன்று ஐந்து வருஷத்தில் முதல் முறையாக ஏதோ பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி, "என்னக்கா, வீட்ல விசேஷமா?" என்று கேட்டாள். "ஆமா, ரொம்ப நாளா எதிர்பார்த்தது" என்றேன்.

குழாய் கொழுந்தனார் கையில் இருக்கும் என்று நினைத்தேன். உன் கையில் இருந்தாலும் எனக்கு நோகாது என்று நினைத்தேன். அவள் கையில் இருக்கும் என்று நினைக்கவில்லை. சமாதானத்துக்கு எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உன் மேல் இருக்கும் கோபம் இதை எழுதும்போதும் குறையவில்லை. அது வேறு, இது வேறு.

இனிச் சரியான வழி. நீ கேட்டது பாடுபடாத வழி. அது உண்டு. என் கைராசி என்று எல்லோரும் சொன்னது இதைத்தான், நான் செய்தது மிகக் குறைவு.

குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டு. கோழிக்கூட்டுக்கும் தண்ணீருக்கும் இனி உறவு கிடையாது. நாறுவது எச்சம் இல்லை, ஈரம். தரை இரண்டு நாள் சுக்காகக் காயட்டும். பிறகு தச்சுப் பட்டறையில் மரச்சீவல் கேள், சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். சுருள் சுருளாக இருப்பது வேண்டும், மாவு மாதிரித் தூள் வேண்டாம், அது நெஞ்சுக்குள் போகும். ஒரு சாண் உயரம் பரப்பு. அப்புறம் அதை அள்ளவே அள்ளாதே. சாயங்காலம் ஒரு பிடி தானியத்தை அதன்மேல் வீசு. கோழிகளே கிளறிக் கிளறி எச்சத்தை அடியில் தள்ளிவிடும். அங்கே அது மக்கி மண்ணாகும். உனக்கு எதற்கு வேலைக்காரி, பத்து பேர் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு கூடை புதுச் சீவலை மேலே கொட்டு. சீவலை ஒரு பிடி அள்ளிப் பார், கையில் உதிர்ந்தால் நல்லது, கொழகொழவென்று உருண்டால் எங்கோ தண்ணீர் புகுகிறது என்று அர்த்தம்.

காற்று வழி மேலே, கூரையை ஒட்டித் திறந்தே இருக்க வேண்டும், வலை மட்டும் அடி. கழியை இடுப்பளவுக்குத் தூக்கிக் கட்டு, முட்டைப் பெட்டியைவிட உயரமாக. கோழி எப்போதும் உயரமான இடத்தில்தான் தூங்கும், பெட்டி தப்பிக்கும். இரவில்தான் எச்சம் அதிகம். கழிக்குக் கீழே ஒரு பலகையை வைத்து மணலும் சாம்பலும் கலந்து தூவி வை. காலையில் நீளக் கைப்பிடி போட்ட கரண்டியால் இழுத்து வாளியில் தள்ளு. இரண்டு நிமிஷம். குனிய வேண்டாம்.

தண்ணீர்ச் சட்டியை வெளியே கொண்டு போ. செங்கல் மேல் வைத்து அடியில் கூழாங்கல் போடு. அடைப்புக்கு மேலே தகரம் ஏற்று, மழை உள்ளே விழக் கூடாது. சேற்றை மூடி அரையடிக்குச் சருகும் மரச்சில்லும் கொட்டு. வருஷத்துக்கு இரண்டே முறை எல்லாவற்றையும் அள்ளிக் குவித்து, ஆறவிட்டுச் செடிக்குப் போடலாம். அதற்கு மட்டும் கூலிக்கு ஆள் வை.

செத்த கோழிகளை ஆழமாகப் புதைக்கச் சொல். மிச்சம் இருப்பவற்றில் ஒரு கண்ணை மூடித் திரிபவற்றைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் விடு. தேறிவிடும்.

சிட்டு எப்படி இருக்கிறாள் என்று மட்டும் எழுது. திட்டி எழுது, சபித்து எழுது, ஆனால் எழுது.

மூத்தவள்


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

உங்களை மூன்று வாரம் காக்க வைத்தேன். வேண்டுமென்றேதான். ஒவ்வொரு நாளும் நீங்கள் தபால்காரரை எதிர்பார்ப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன். அந்த நினைப்பில் நன்றாகத் தூக்கம் வந்தது.

சிட்டு ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் இரண்டு மாதம் மூச்சிழுக்கிற மருந்து. ஓடக் கூடாது. தேறிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார். கோழிகளைப் பார்க்க வந்த கால்நடை டாக்டரும் கதவில் இருந்த தாளைப் படித்துவிட்டு, "உங்களுக்கு ஆகாதவங்க யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று சிரித்தார். இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

உங்கள் இரண்டாவது முறை நன்றாக வேலை செய்கிறது. அதைச் சொல்லத்தான் வேண்டும். பலகைக்கு இரண்டு நிமிஷம், வாரத்துக்கு ஒரு கூடை சீவல், தீர்ந்தது. நிமிர்ந்தபடியே எல்லாம் முடிகிறது. கெடு நாளில் ஆய்வாளர் வந்து கூட்டுக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கெடுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். டிரில் மாஸ்டர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "கோழியெல்லாம் வித்துட்டீங்களாம்மா?" என்றார்.

இப்போது நம் கதை. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நீங்கள் மிதித்ததில் செத்திருக்கும்.

நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று மேலாளர் அறையில் நான் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொன்னால், சிட்டுவோடு நான் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்தது வெளியே வந்திருக்கும். அன்று வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே எனக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். அதுவும் வந்திருக்கும். ஒரே வீட்டுக்கு வாழ வந்த இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போக வேண்டாம் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பாதிதான். எனக்குப் போக வேண்டாம் என்று நினைத்தேன். இது தப்பு. ஆனால் என் தப்பு ஒரு வேலையைத்தான் எடுத்தது.

உங்களை என்ன செய்வது என்று மூன்று வாரம் யோசித்தேன். போலீஸ்வரை யோசித்தேன். உங்கள் கையெழுத்தில் எல்லாம் என்னிடம் இருக்கிறது. பிறகு அதைவிட நல்ல வழி கிடைத்தது. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. உங்கள் கொழுந்தனாருக்குத் தெரியாது, உங்கள் வீட்டுக்காரருக்கும் நான் எழுதவில்லை. சிட்டுவுக்கு அறவே தெரியாது. பெரியம்மா கடைசியாக எழுதிய கடிதத்தால்தான் கோழிகளும் அவளும் பிழைத்ததாக அவள் நம்புகிறாள். முதலில் தான்தான் சரியாகக் கழுவவில்லை, அதனால்தான் நான்கும் செத்தன என்கிறாள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

மே மாதம் பள்ளி விடுமுறை. பெரியம்மாவை நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அனுப்புகிறேன். பத்து நாள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அவளுக்கு உங்களால் இனி ஒரு கீறல் விழாது, அது எனக்குத் தெரியும். அவள் இருமும்போதெல்லாம் நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள். காலையும் மாலையும் அவள் நன்றி சொல்வாள். வாங்கிக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான் என் தண்டனை.

இளையவள்


மே 19

இளையவளுக்கு,

தண்டனையைச் சரியாகத்தான் பார்த்து எடுத்தாய். சிட்டு வாசலில் இறங்கியதும் ஒரு டப்பாவை நீட்டினாள். மரச்சீவலுக்கு நடுவே பத்து முட்டை, ஒன்றுகூட உடையவில்லை, ஒன்றிலும் அழுக்கு இல்லை. "உங்க முறைதான் பெரியம்மா" என்றாள். பிறகு இருமினாள். அன்று எனக்கு நீ நினைத்தபடியே எல்லாம் நடந்தது. உனக்குத் திருப்தியாக இருக்கட்டும்.

இரண்டாம் நாள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நான் ஒழுங்கா கழுவியிருந்தா வாயாடி செத்திருக்காதுல்ல?"

நீ அதை மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே விட்டு வைத்திருக்கிறாய். என்னைக் குத்துவதற்கு ஊசி வேண்டும் என்று பெற்ற பிள்ளையின் நெஞ்சில் செருகி அனுப்பியிருக்கிறாய். நான் தெரியாமல் அவளைச் சுட்டேன். நீ தெரிந்தே விட்டுவைத்தாய். நம் இரண்டு பேரில் யார் கெட்டிக்காரி என்று உட்கார்ந்து பேச நேரம் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். "நீ ஒழுங்காத்தான் கழுவின. நான்தான் தப்பா எழுதினேன். தெரிஞ்சே எழுதினேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

எழுந்து போய்விட்டாள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டு நாள் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தானே மொண்டு குடித்தாள். அதற்குள் என் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டுத் திண்டாடிப்போய் இரண்டு முறை சட்டையைக் கழற்றி மாட்டினார். "நீயா?" என்றார். உன் கையில் இருக்கும் கடிதங்களை வைத்து நீ யாரிடம் போக நினைத்தாலும் போ. நான் மறைக்க இனி ஆள் யாரும் மிச்சமில்லை.

நான்காம் நாள் சலவைக்கூடத்துக்கே வந்தாள். பெரியப்பா கொடுத்துவிட்ட சாப்பாட்டு அடுக்கை மேசை மேல் வைத்தாள். நீராவியில் இருமல் வரும் என்று வெளியே கூட்டிப்போனேன். லாரி வந்து மூட்டை இறக்குகிற மேடையில் உட்கார்ந்தோம்.

"எதுக்கு அப்படி எழுதினீங்க?"

மழுப்பலாம். பெரியவர்கள் சண்டை என்று சொல்லி அனுப்பலாம். நான் அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது, செருப்பு, மருந்துத் தொட்டி, குழி, மேலாளர் அறை. நீ அங்கே சொன்னதையும் சொன்னேன், சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பதிவேட்டில் நான் உனக்காகப் போட்ட கள்ளக் கையெழுத்தைக்கூட விடவில்லை. அதனால் கோழிகளைக் கொல்லச் சொல்லலாமா என்று அவள் கேட்டாள். கூடாது என்றேன். என் காரணம் என் தப்புக்குத் துணை வராது என்றேன். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததால் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைக்காதே. மிச்ச நாட்களில் 'பெரியம்மா' என்று கூப்பிட்டாள், ஆனால் முன்பு மாதிரி ஓடிவந்து கூப்பிடவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டியது அவ்வளவுதான், வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குக் கிளம்பத் துணிகளை மடித்துவைக்கும்போது என்னைக் கேட்டாள்: "நீங்க என்னைத் தூக்கிட்டுப் போனதை அம்மா ஏன் யார்கிட்டயும் சொல்லல? என்கிட்ட கூட ஏன் சொல்லல?"

எனக்குப் பதில் தெரியும். நீயே எழுதியிருக்கிறாய், உன் கையெழுத்தில் என்னிடமும் ஒரு கடிதம் இருக்கிறது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "உங்கம்மாவைக் கேளு" என்றேன்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். பெரியவர் கூட வருகிறார். ஐந்து வருஷம் கழித்துத் தம்பி வீட்டுப் படி ஏறப்போகிறார், அவர் மேல் நம் வழக்கைப் போடாதே. அவளுக்கு மருந்து காலையிலும் இரவிலும் கொடுத்திருக்கிறேன், ஒரு வேளைகூட விடவில்லை.

வழி முழுக்க அந்தக் கேள்வியை வாயில் அடக்கிக்கொண்டு வருவாள். இறங்கியதும் கேட்பாள். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குக் கடிதம் போடாதே. நான் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

மூத்தவள்